சொல்லிவிட்டு வந்த சத்தம்

1956 ஜூன் 11, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் தெளித்துச் சிறிய கோலமாகப் போட்டேன். பாம்பன் காற்றில் பெரிய கோலம் நிற்காது. பால் காய்ச்சினேன். ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க்காக இருந்த என் கணவர் ஏழு மணிக்குக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார். கிணற்றடிக்குப் போய்ப் பித்தளைக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து சமையலறைத் தரையில் இறக்கி வைத்தேன். குடம் ணங்கென்று சத்தம் போட்டது. அதே நொடியில் எதிர் வீட்டிலிருந்து ஒரு குழந்தை வீரிட்டது.

அந்த அலறல் நிற்க வெகுநேரமாயிற்று. நின்ற பிறகு ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். நாற்பதை நெருங்கிய வயது, பரந்த தோள்கள், காதில் பாம்படம் இல்லாத தொங்கும் துளை. கையில் தென்னை நாரால் திரித்த பிரிமணை ஒன்று வைத்திருந்தாள்.

"தங்கச்சி, நீங்க புதுசு. ஒங்க மேல தப்பில்ல. இந்தாங்க, கொடத்த இதுமேல எறக்குங்க. வெறுந்தரையில வைக்கிறதா இருந்தா, வைக்கப்போறேன்னு ஒரு கொரலு குடுத்துட்டு வைங்க."

"யாருக்குக் குரல் கொடுக்க?"

"எம்புள்ளைக்கு."

பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, என் இரும்பு வாளி, அண்டா, குத்துப்போணி எல்லாவற்றையும் கண்ணால் அளந்துவிட்டுப் போனாள். சாயங்காலத்துக்குள் மேலும் நான்கு பிரிமணைகள் வந்து சேர்ந்தன. வாளியின் பிடி நுனியில் கந்தல் துணி சுற்றப்பட்டது. எனக்குக் கொஞ்சம் கோபம்தான். என் வீட்டுப் பாத்திரத்துக்கு இவள் யார் சட்டம் போட?

அவள் கணவர் பாலத்தில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். வேலைக்காகக் கடற்கரைக்கு வந்தவர்கள். இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு அப்போது பதினாறு. சின்னவளுக்கு ஆறு. நான் அவர்கள் அம்மாவை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் ரயில்வே லைன் வீடுகளில் மற்றவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் போலீஸ்காரி.

பெயர் பொருத்தம்தான். எங்கள் தெருவில் எந்தச் சத்தமும் அவளிடம் அனுமதி வாங்காமல் உள்ளே வர முடியாது. ஐஸ்காரர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, கையை உயர்த்திக் காட்டி, அவள் தலையசைத்த பிறகே மணியை அடிப்பார். விறகு பிளப்பவர் முதல் வெட்டுக்கு முன்னால், "வெட்டப்போறேன் தாயி" என்பார். என் கணவர் தும்மல் வந்தால்கூட ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டு தும்முவார். அவருக்கு அது விளையாட்டு. ஆனால் ஒரு நாள்கூடத் தூக்க மறந்ததில்லை.

சின்னவளைப் பார்த்த யாருக்கும் முதலில் தோன்றுவது, இந்தப் பிள்ளைக்குக் காது கேட்காது என்பதுதான். பெயர் சொல்லி எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். பேச்சு கிடையாது. வீட்டுக்குப் பின்னால் இருந்த தந்திக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, அதில் ஒரு காதை ஒட்டவைத்துக்கொண்டு, கண் பாதி மூடி நின்றிருப்பாள். காற்றில் கம்பிகள் ரீங்காரமிடும் ஓசை கம்பத்துக்குள் இறங்கி வரும். வலதுகையின் ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே நீட்டி ஆட்டி, அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால், காது மந்தம் என்று நினைத்து அவள் காதருகே போய்க் கத்துவார்கள். அவள் அலறுவாள். அவர்கள் அதைவிட உரக்கக் கத்துவார்கள். அக்கா அவர்களைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவருவாள்.

ஒரு நாட்டு வைத்தியரிடம் காட்டிய கதையை அவளே எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். வைத்தியர் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று பித்தளைத் தாம்பாளத்தை ஓங்கி அடித்தாராம். அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. "செவிடு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். வெளியே வந்த பிறகு, சாலை நடுவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவள் இருட்டும்வரை எழவில்லை.

"செவிடுன்னா, நான் அடுப்படியில கருப்பட்டிய ஒடைச்சா கம்பத்தடியிலருந்து எப்புடித்தா ஓடியாரா?" என்று கேட்டாள் அக்கா. "அதுவும் துணிக்குள்ள வச்சுத்தான் ஒடைக்கிறேன். வெளக்குத் திரி சடசடங்கும் பாருங்க, அதுக்குக் காதப் பொத்துறா. ஒங்க வீட்டுக்காரரு செருப்பக் கழட்டுறதுக்குப் பொத்துறா. ஆனா ரயிலுக்குப் பொத்த மாட்டா."

இதுதான் எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. பாலத்தில் ரயில் ஏறினால் எங்கள் வீட்டுத் தட்டுகள் அதிரும். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்பாள். அக்கா அதற்கு வைத்திருந்த பதில் இது:

"ரயிலு தூரத்துலருந்தே சொல்லிக்கிட்டு வருதுல்ல. மனுசந்தான் சொல்லாமக் கொள்ளாம வாரான்."

இன்னொரு நாள் கரையில் காயப்போட்டிருந்த வலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு விதமான வலைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"தங்கச்சி, நம்ம காது இந்தப் பெருங்கண்ணி வலை மாதிரி. வேணுங்கிற மீனு நிக்கும், பொடிசெல்லாம் நழுவிப் போயிரும். எம்புள்ள காது அந்தப் பொடிக்கண்ணி. நண்டு, பாசி, சிப்பி, கல்லு, எல்லாத்தையும் வாரிக்கிட்டு வருது. அதுக்குள்ள கெடந்து தம்பேர அவ எங்கிட்டுத் தேடுவா?"

இப்போது எனக்கு ஐம்பது வயதாகிறது. சென்ற வருடம் மதுரையில் ஒரு குழந்தை மருத்துவர் பேசிக்கொண்டிருக்கும்போது ஆட்டிசம் என்ற சொல்லைச் சொன்னார். இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் காது நன்றாகவே கேட்கும், ஆனால் கேட்பதில் எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரிப்பதுதான் சிரமம், எதிர்பாராத சத்தம் அடிபோல வலிக்கும் என்றார். அவர் சொல்லச் சொல்ல அந்தத் தந்திக் கம்பமும் ஒட்டிய காதும்தான் எனக்குத் தெரிந்தன. பிறகு, அக்கா நம்பிக்கொண்டிருந்த ஒன்றைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

அக்காவுக்கு ஊரில் ஒரு காலத்தில் இருந்த பெயர் வேறு. குலவைக்காரி. நயினார்கோவில் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ நாற்று நடவோ, அவள் குலவை போட்டால் மூன்று வயல் தாண்டிக் கேட்குமாம். சின்னவளை வயிற்றில் சுமந்தபோது நிறைமாதத்தில் ஒரு கல்யாணத்தில் நாள் முழுக்கக் குலவை போட்டிருக்கிறாள். உள்ளே இருந்த பிள்ளையின் காது அன்றைக்கே புண்ணாகிவிட்டது என்று அவள் நம்பினாள். அதற்குப் பிறகு அவள் வாய் குலவைக்குத் திறக்கவில்லை. குரலையும் தாழ்த்திக்கொண்டாள். மருத்துவர், "அப்படியெல்லாம் இல்லை, அந்த அம்மாள்மேல் ஒரு குற்றமும் இல்லை," என்றார். அதை அவளிடம் சொல்ல அப்போது எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

1958ஆம் வருடம் மூத்தவளுக்கு வரன் அமைந்தது. சொந்த ஊர்ப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம், நல்ல பையன். பரிசம் போட வந்த அன்று யாரோ வெற்றிலைத் தட்டைக் கைதவறிப் போட்டுவிட்டார்கள். சின்னவள் போட்ட அலறலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து நின்றுவிட்டார். மீசைக்காரர், ஊரில் பெரிய மனிதர்.

"தாலி கட்டுற நேரத்துல தும்மல்கூடக் காதுல விழக் கூடாதுன்னுதான் கெட்டிமேளம் கொட்டுறோம். இந்தக் கத்து விழுந்தா வெளங்குமாய்யா? புள்ளைய எங்கயாச்சும் விட்டுட்டு வந்து கல்யாணத்த நடத்துங்க."

"அவ அக்கா கல்யாணத்துக்கு அவ இல்லாமயா?" என்றாள் அக்கா உள்ளிருந்து.

பேச்சு முற்றிற்று. கடைசியில் அக்காவின் கணவர், மகளின் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். சின்னவள் பந்தலில் இருக்கலாம். ஆனால் தாலி நேரத்தில் கத்தினால், மறுநாள் காலை ரயிலிலேயே கொண்டுபோய், இப்படிப்பட்டவர்களை விட்டுவைக்கும் தூரத்துக் கோயில் மடம் ஒன்றில் சேர்த்துவிட வேண்டும். மாமன் தனக்கு அந்த மடத்தைத் தெரியும் என்றார். எல்லாரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

அன்று அக்கா அழுவாள் என்று நினைத்துத்தான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அழவில்லை. கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "வாக்குல, யாரு மேளத்துக்கு வெரல் காட்டணும்னு ஏதும் பேசுனீகளா?"

"இல்லையே."

"அப்பச் சரி."

அவள் இப்படிக் கேட்டதற்கு ஒரு குடுகுடுப்பைக்காரர் காரணம். அதற்கு முந்தைய தை மாதம் ஒரு காலையில் அவர் எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்து, யாரிடமும் கேட்காமல் உடுக்கையை ஆட்டிவிட்டார். பிள்ளை அலறினாள். அக்கா ஓடிவந்து அவர் கையைத் தட்டியதில் உடுக்கை மணலில் விழுந்தது. பிள்ளை அதை எடுத்தாள். தானே ஆட்டினாள். குடுகுடு குடுகுடு என்று விடாமல் ஆட்டினாள். காதைப் பொத்தவில்லை. முகம் பூரித்திருந்தது.

"தாயி, அது சக்கம்மா குடுத்தது. குடுக்கச் சொல்லு, நாலு வீடு போகணும்."

"செத்த இருங்கய்யா. ஒரு நாளைக்கு எம்புள்ள ஒமக்கு நல்ல காலம் சொல்லட்டும்."

பாவம், அந்த மனிதர் பழைய சோறு சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, எங்கள் வேப்பமரத்தடியில் ஒரு தூக்கமும் தூங்கிய பிறகே உடுக்கை திரும்பக் கிடைத்தது. ஆனால் அக்கா அன்றைக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் பெரிதா சிறிதா என்பது பிள்ளைக்குப் பொருட்டே இல்லை. அது அவள் கையில் தொடங்கினால் வலிக்கவில்லை.

பரிசம் முடிந்த வாரமே ஆரம்பித்தாள். பிள்ளை விரலை முகத்துக்கு நேரே ஆட்டும்போதெல்லாம் அக்கா மெதுவாகக் கைதட்டினாள். விரல் நின்றால் கையும் நின்றது. முதலில் பிள்ளை கண்டுகொள்ளவில்லை. சில நாள் கழித்து விரலை நிறுத்திவிட்டு அம்மாவின் கையைப் பார்த்தாள். மறுபடி ஆட்டினாள். கைதட்டல் வந்தது. நிறுத்தினாள், நின்றது. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் மூத்தவள் கிணற்றடியிலிருந்து வாளியை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அந்த வாளி விழுந்ததற்கு வேறு ஒரு அலறல் நடந்தது, அது தனி.

கைதட்டல் போய்த் தட்டு வந்தது. தட்டு போய்ப் பானை மூடி. ஒரு நாள் மாலை மூவரும் கரைக்குப் போனோம். காக்கைகளைத் தவிர யாருமில்லை. பிள்ளை விரலை ஆட்டினாள். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். எட்டு வருடம் பூட்டிவைத்திருந்த குலவை வெளியே வந்தது.

நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. காக்கைகள் மொத்தமாக எழுந்து பறந்தன. தூரத்தில் வள்ளத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பிள்ளை விரலை நிறுத்தவே இல்லை. அக்கா மூச்சு வாங்கி வாங்கிக் குலவை போட்டாள். இரண்டு கண்ணிலும் நீர் கொட்டியது. "வலிக்கலத்தா, அவளுக்கு வலிக்கல," என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். எனக்குத்தான் காது வலித்தது, சொல்லவில்லை.

ஆகஸ்டு 28, வியாழக்கிழமை கல்யாணம். முந்தைய நாள் மதியம் ராமநாதபுரத்திலிருந்து மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தவில்காரர் பெரிய தொப்பையும் பெரிய சிரிப்புமாக இருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"ஏத்தா, ஐயரு வெரல் காட்டுவாரு, ஊர்ப் பெரியவுக காட்டுவாக. எட்டு வயசுப் புள்ள வெரலப் பாத்து நான் கெட்டிமேளம் அடிக்கவா? ஊருக்குப் போயி மூஞ்சிய எங்க வைக்க?"

"அண்ணே, மொதல்ல அவளப் பாருங்க. அப்பறம் மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு யோசிப்போம்."

தந்திக் கம்பத்தடி மணலில் ஒத்திகை நடந்தது. பிள்ளை முதலில் தவிலைத் தொட்டுப் பார்த்தாள், தோலில் காதை ஒட்டவைத்தாள். தவில்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் தள்ளி நின்று விரலை எடுத்தாள். அவர் கோலை இறக்கினார். அவள் விரலின் வேகத்துக்கு அவர் கை போயிற்று. கால்மணி நேரம் கழித்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க வாத்தியார்கூட என்னைய இப்புடி வேல வாங்குனதில்ல," என்றார். ஐயரிடமும் அவரே பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். அக்காவுக்கு மாமனிடம் முன்கூட்டிச் சொல்ல விருப்பமில்லை. அது தவறு என்று நான் சொன்னேன். கேட்கவில்லை.

முகூர்த்த நேரம். லைன் வீடுகளின் முன்னால் மணலில் போட்ட பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. மூத்தவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சின்னவள், பச்சைப் பாவாடையில், அம்மாவின் முட்டியில் சாய்ந்து நின்றாள். மேளம் வாசிக்காமல் காத்திருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார்.

அப்போது மாமன், வழக்கப்படி, பெரிய மனிதர் என்ற உரிமையில், எழுந்து விரலை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று முழக்கினார்.

பிள்ளையின் இரண்டு கைகளும் காதுக்குப் போயின. வாய் திறந்தது.

ஆனால் மேளம் ஒலிக்கவில்லை. தவில்காரர் கோலை அந்தரத்தில் பிடித்தபடி இருந்தார். நாகசுரக்காரர் சீவாளியை வாயில் வைத்தபடி ஊதாமல் இருந்தார். குலவைக்கு வாயருகே கை வைத்திருந்த பெண்கள் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம் என்று. மாப்பிள்ளையின் கை, தாலியோடு, பெண்ணின் கழுத்தருகே அப்படியே நின்றது.

"என்னய்யா கல்லு மாதிரி உக்காந்திருக்க? அடிய்யா!"

"நான் அந்தப் புள்ளைக்கு மேளக்காரன் சாமி," என்றார் தவில்காரர் தணிந்த குரலில். "அது சொல்லட்டும்."

அக்கா மகளின் பெயரைச் சொல்லவில்லை. தொடவுமில்லை. தன் ஆள்காட்டி விரலை, தன் மடிமேல், மகள் கண்ணில் படுகிற இடத்தில், நீட்டி வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அந்த நிசப்தத்தில் கடலும் பந்தல் துணி காற்றில் புடைப்பதும் மட்டும் கேட்டன. பிள்ளையின் வாய் மெல்ல மூடியது. ஒரு கை காதிலிருந்து இறங்கியது. இன்னொரு கையும் இறங்கியது. அம்மாவின் விரலைப் பார்த்தாள். பிறகு தன் விரலை எடுத்து, முகத்துக்கு நேரே கொண்டுவந்து, ஆட்டினாள்.

தவில் இடிபோல இறங்கியது. நாகசுரம் எழும்பியது. அதற்கும் மேலே அக்காவின் குலவை ஏறியது. பின்னாலேயே முப்பது பெண்களின் குலவை சேர்ந்துகொண்டது. தாலி ஏறியது. பிள்ளை குதிகாலில் எம்பி எம்பி விரலை ஆட்டினாள்.

திடீரென்று விரலை நிறுத்தினாள். மொத்தப் பந்தலும் கப்பென்று நின்றது. அவள் நாலாபக்கமும் பார்த்தாள். இத்தனை பேர். மறுபடி ஆட்டினாள். மறுபடி மேளம், மறுபடி குலவை. யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையும் விழுந்து, எல்லாம் முடிந்த பிறகும் விரல் நிற்கவில்லை.

"ஏத்தா, புள்ள வெரல எறக்கச் சொல்லு! எனக்குத் தோளு கழண்டுபோச்சு!" என்று தவில்காரர் அடித்துக்கொண்டே கத்தினார்.

"நீங்களே கேளுங்க அண்ணே. அவ மேளக்காரருதான நீங்க!"

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கல்யாணத்துக்குக்கூட இப்புடிக் கெட்டிமேளம் கொட்டல," என்றார் தம்பியிடம். மீசைக்காரர் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அக்காவின் முன் வந்தார். ஊர் பார்க்க நின்று, "பேசுன பேச்ச நான் திருப்பி வாங்கிக்கிறேன்த்தா. புள்ள அதும் வீட்டுலயே இருக்கட்டும்," என்றார்.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே. எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றாள் அக்கா. பிறகு அவசரமாக, "இருங்க, இருங்க, கையத் தூக்கிட்டுச் சொல்லுங்க."

அவர் கையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார்.

அன்று பந்தியில் ஒரு சாம்பார் வாளி உருண்டது. பிள்ளை வழக்கம்போல அலறினாள். நெடுநேரம் அலறினாள். யாரும் எழுந்து நிற்கவில்லை. இலையில் சோறு போடுவதும் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சாயங்கால ரயிலில் பெண்ணை அழைத்துக்கொண்டு போனார்கள்.

ஆகஸ்டு 29, வெள்ளிக்கிழமை. நான் வாசல் தெளிக்க வெளியே வந்தபோது, அக்கா எனக்கு முன்பே எழுந்து துவைகல்லருகே இருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை அவிழ்ந்து கிடந்தது. சின்னவளின் மூன்று பாவாடைகள், இரண்டு சட்டைகள், ஒரு போர்வை. எல்லாம் துவைத்து மடித்த சுத்தமான துணிகள். அவற்றை ஒவ்வொன்றாக உதறித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானே இருக்கு அக்கா, எதுக்கு மறுபடி?"

"தோத்திருந்தா காலை ரயிலுக்குன்னு கட்டி வச்சிருந்தேன்," என்றாள். "இந்த மடிப்பு போகணும்."

பிழிந்து, கொடியில் வரிசையாகப் போட்டாள்.